மலைநாட்டு வீதியில் மின் முச்சக்கர வண்டியைச் சோதிப்பது எப்படி

மின் முச்சக்கர வண்டியொன்றின் விளம்பரத் தாளில் "ஒரு முறை சார்ஜ் செய்தால் 120 கிலோமீற்றர்" என்று அச்சிட்டிருந்தால், அந்த எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது இலங்கை மலைநாட்டிலுள்ள ஹட்டனுக்கு உரிய எண் அல்ல. உற்பத்தியாளர்கள் அதை ஆய்வுகூடத்தில், உருளைகளின் மேல் வண்டியை ஏற்றி, முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட வேக அட்டவணையொன்றின்படி ஓட்டிப் பெறுகின்றனர். ஐரோப்பாவில் 2017 இல் நடைமுறைக்கு வந்த டபிள்யூஎல்டிபி என்ற கார்ச் சோதனை முறையானாலும், இந்தியாவில் முச்சக்கர வண்டிகளுக்குப் பின்பற்றப்படும் இந்திய ஓட்டச் சுழற்சியானாலும், அவற்றில் வேகம் ஏறி இறங்குமே தவிர வீதி ஏறி இறங்குவதில்லை. ஆகவே மலைநாட்டில் ஓடப்போகும் வண்டியை உருவாக்குவோர், ஆய்வுகூட அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இங்குள்ள வீதியில் இரண்டாவது சோதனைத் தொடர் ஒன்றை நடத்தியே ஆக வேண்டும். வாகன நிறுவனங்களின் ஆராய்ச்சி அபிவிருத்திப் பிரிவுகளில் புதிதாகச் சேரும் இளைஞர்களையும், பெற்றோல் ஆட்டோவை மின்னுக்கு மாற்றித் தரும் சிறு பட்டறைகளையும் மனத்தில் வைத்து அந்த இரண்டாவது தொடரின் முறையை இங்கே விளக்குகிறேன்.

மலைநாட்டுப் புகையிரதப் பாதையை அமைத்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. 44 அடி தூரத்துக்கு ஓர் அடி உயரம் என்ற ஏற்றத்தைத் தாண்டக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு, அதற்கேற்றபடி மலையைச் சுற்றிப் பாதையை வளைத்தார்கள். தெமோதரையில் பாதை ஒரு வட்டம் அடித்துத் தன் அடியிலேயே சுரங்கமாகப் புகுந்து செல்வது அதனால்தான். அந்த ஏற்றம் நூற்றுக்கு 2.3 அளவில்தான் வருகிறது. ஆட்டோ ஓடும் வீதியிலோ நூற்றுக்கு 8 சர்வசாதாரணம், தேயிலைத் தோட்டத்துப் பாதைகளில் 15ஐயும் தாண்டும். அவர்கள் வண்டிக்கு ஏற்பப் பாதையை அமைத்தார்கள். நாம் பாதைக்கு ஏற்ப வண்டியை அமைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் வீதியை அளக்க வேண்டும்

சோதனைக்கு மூன்று வகைப் பாதைகள் தேவை. நீண்டு தொடரும் ஏற்றம் ஒன்று வேண்டும். கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரையிலான ஏ7 வீதி அதற்குப் பொருத்தமானது. தொடக்கத்திலிருந்தே இறங்கும் பாதை ஒன்று வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து நானுஓயா வழியாகத் தலவாக்கலைக்கு இறங்குவது அத்தகையது. மூன்றாவதாக, கொங்கிரீட் பெயர்ந்து கல் தெரியும் தோட்டத்துப் பாதை ஏதாவது ஒன்று போதும். அதற்கு இங்கே பஞ்சமில்லை.

உயரத்தை அளப்பதற்குக் கைபேசியின் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பக்கூடாது, ஏனெனில் செங்குத்துத் திசையில் அதன் பிழை பெரிது. காற்றழுத்தமானி மேலானது, மலைநாட்டு உயரங்களில் அழுத்தம் ஒரு ஹெக்டோபஸ்கால் குறைந்தால் ஏறக்குறைய 9 முதல் 10 மீற்றர் ஏறியிருக்கிறோம் என்று கொள்ளலாம். அதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. நம்முடையதைப் போன்ற வெப்பவலய நாடுகளில் காலை பத்து மணியளவில் உச்சத்தில் இருக்கும் காற்றழுத்தம், மலை ஏறாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாலும், மாலை நான்கு மணிக்குள் மூன்று ஹெக்டோபஸ்கால் அளவுக்குத் தானாகவே இறங்கிவிடும். இதை அறியாமல் காலையில் அடிவாரத்தையும் மாலையில் உச்சியையும் அளந்தவர் கணக்கில் இல்லாத முப்பது மீற்றரைச் சேர்த்துக்கொள்வார். எனவே புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, தொடக்க அளவுக்கும் இறுதி அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை நேரத்துக்கு ஏற்ப இடையில் பகிர்ந்து கழிக்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பெரிய தவறுகள் உடனே தெரிந்துவிடும்.

சுமையும் கணக்கும்

சட்டப்படி பின்னால் மூவர். சம்பள நாளில் மூவரோடு அரிசி மூட்டையும், பன்னிரண்டரைக் கிலோ காஸ் நிரம்பிய சிலிண்டரும், சில வேளைகளில் மடியில் ஒரு பிள்ளையும் ஏறும். சட்டத்துக்கு உட்பட்ட சுமையுடன் ஒரு தொடரையும், நடைமுறையில் ஏற்றப்படும் சுமையுடன் இன்னொரு தொடரையும் நடத்துவதே நேர்மையான வழி. சுமைக்கு மணல் மூட்டைகளைப் பயன்படுத்தி, ஆட்கள் உட்காரும் இடத்திலேயே அவற்றைக் கட்டி வைக்க வேண்டும். பாதி நிரம்பிய தண்ணீர்க் கேன்கள் கூடாது. வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாயும்போது வண்டியின் நடத்தையே மாறிவிடுகிறது.

வீதியில் இறங்குவதற்கு முன் கடதாசியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் எதிர்பார்ப்பு ஒன்றில்லாதவர் பிழையான அளவீட்டை அடையாளம் காணமாட்டார். வண்டி 400 கிலோ, சாரதியும் மூன்று பயணிகளும் 260 கிலோ, மூட்டை முடிச்சு 40 கிலோ என மொத்தம் 700 கிலோ என்று கொள்வோம். பத்துக் கிலோமீற்றரில் 600 மீற்றர் ஏறுவதற்கு, புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் 1.14 கிலோவாட்மணி வேண்டும். டயர் உருள்வதற்கான தடை சுமார் 0.29, காற்றின் தடை ஆட்டோ வேகத்தில் 0.08 அளவு. சக்கரத்தில் தேவைப்படுவது ஏறக்குறைய 1.5 கிலோவாட்மணி, மோட்டாரிலும் கியரிலும் வயரிலும் போகும் இழப்பைச் சேர்த்து, மொத்தத் திறன் நூற்றுக்கு 80 என்று கொண்டால், பற்றரியிலிருந்து எடுப்பது 1.9. இதே பத்துக் கிலோமீற்றர் சமதரையாக இருந்தால் 0.46 போதும். நான்கு மடங்கு வித்தியாசம் இது. 7 கிலோவாட்மணிப் பற்றரியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஓர் ஏற்றத்திலேயே போய்விடுகிறது.

சக்தியைவிட மின்னோட்டத்தைத்தான் நான் உற்றுப் பார்ப்பேன். நூற்றுக்கு 8 ஏற்றத்தில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஏறும்போது 51.2 வோல்ட் பற்றரியிலிருந்து 114 அம்பியர் அளவு ஓடும். அதே வேகத்தில் சமதரையில் 22 அம்பியர்தான். வயரிலும் சுருளிலும் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மின்னோட்டம் ஐந்து மடங்கானால் வெப்பம் ஏறக்குறைய இருபத்தைந்து மடங்காகிறது.

ஏற்றத்தில் பார்க்க வேண்டியவை

மோட்டாரின் தகட்டில் இருக்கும் வலுவை வாசிக்கும்போது எவ்வளவு நேரத்துக்கான வலு என்று கேட்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதிகளில் 85ஆவது விதி, மின் இயக்கத் தொகுதி தொடர்ந்து 30 நிமிடங்களுக்குத் தரக்கூடிய வலுவை அளக்கச் சொல்கிறது. சமவெளியில் அது தாராளமான அளவு. ஆனால் இருபது கிலோமீற்றர் ஏற்றத்தை மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினால் 48 நிமிடங்கள் ஆகும். முப்பதாவது நிமிடத்துக்குப் பின் என்ன நடக்கிறது என்பதை எந்தத் தகடும் சொல்வதில்லை. மோட்டார்ச் சுருளிலும், கட்டுப்பாட்டுப் பெட்டியின் வெப்பத் தகட்டிலும், பற்றரியின் நடுக் கலத்திலும், முக்கியமாகத் தடித்த வயர்கள் முறுக்கப்படும் இணைப்புகளிலும் வெப்ப உணரிகளை ஒட்டி, அளவீடுகளைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். பல வண்டிகளில் மோட்டார் அல்ல, சரியாக இறுக்காத ஒரு போல்ட்தான் முதலில் கருகுகிறது. இன்னொன்று: உச்சியில் நிறுத்தியவுடன் பதிவை நிறுத்திவிடக் கூடாது. காற்றோட்டம் நின்ற பின்னும் உள்ளே தேங்கிய வெப்பம் வெளியே பரவுவதால், பதினைந்து நிமிடம் வரை சில பகுதிகளின் வெப்பநிலை ஏறிக்கொண்டே இருக்கும். சாரதி தேநீர் குடித்துவிட்டு வந்து மீண்டும் புறப்படுவது சரியாக அந்த நேரத்தில்தான்.

உயரத்தில் பெற்றோல் இயந்திரம் மூச்சு வாங்கும், மின் மோட்டாருக்கு அந்தக் குறை இல்லை என்று விளம்பரம் சொல்வது உண்மை. நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆனால் குளிரூட்டுவதும் அதே காற்றுத்தான். கொழும்பின் வெப்பத்தில் தேறிய காற்றுக் குளிரூட்டியை மலையின் குளிரில் சோதிக்கத் தேவையில்லை என்று எண்ணுவோர், இவ்விரண்டு விளைவுகளில் எது மேலோங்குகிறது என்பதை அளந்து பார்த்தே பேச வேண்டும்.

ஹட்டன் ஸ்டாண்டில் இருபது ஆண்டுகளாக ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணனிடம் முதல் சோதனைத் திட்டத்தைக் காட்டியபோது, அவர் தாளைப் புரட்டிவிட்டு, "தம்பி, ஏறுற வண்டியெல்லாம் ஏறிரும், மேட்டுல நின்னு ஆளேத்திக்கிட்டுத் திரும்ப எடுக்குதான்னு பாருங்க" என்றார். அந்த ஒரு வரிக்காகத் திட்டத்தில் ஒரு முழு நாளைச் சேர்த்தோம். நூற்றுக்கு 18 ஏற்றத்தில் 700 கிலோ வண்டி அசைவதற்கே பின் அச்சில் சுமார் 265 நியூட்டன்மீற்றர் முறுக்குவிசை வேண்டும். வேகம் எடுக்க அதற்கும் மேல். சாரதி பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரைத் திருகும் அந்த அரைக்கணத்தில் வண்டி எத்தனை சென்ரிமீற்றர் பின்னால் உருள்கிறது என்பதைச் சக்கரத்தின் அருகே வீதியில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு அளந்தோம். பத்துத் தடவை அடுத்தடுத்து நிறுத்தி எடுக்க வேண்டும். சுழலாத மோட்டாரில் முழு மின்னோட்டம் பாயும்போது வெப்பம் ஒரே சுருளில் குவிவதால், கட்டுப்பாட்டுப் பெட்டி ஏழாவது எட்டாவது தடவையில் வலுவைக் குறைத்துக்கொள்வதைக் காணலாம்.

இறக்கமே பெரிய சோதனை

மின் வண்டி இறக்கத்தில் மோட்டாரை மின்பிறப்பாக்கியாக மாற்றி, வேகத்தைக் குறைத்தபடியே பற்றரிக்குச் சார்ஜைத் திருப்பித் தரும்; இதைத்தான் மீளாக்கம் என்கிறோம். மேலே சொன்ன 600 மீற்றரை இறங்கினால், உருளும் தடையும் காற்றுத் தடையும் போக 0.77 கிலோவாட்மணி சக்கரத்தில் மிஞ்சும். அதில் அரை கிலோவாட்மணி பற்றரிக்குத் திரும்பினால் நல்ல வடிவமைப்பு. இந்த இலாபத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அது எப்போது கிடைக்காமல் போகும் என்பதுதான் சோதனையாளரின் கேள்வி.

நான் பங்குபற்றிய ஒரு சோதனையில் நுவரெலியாவில் இரவு தங்கி, வண்டியை விடியும்வரை சார்ஜ் போட்டு, காலை ஆறரை மணிக்கு நூறு சதவீதத்தோடு நானுஓயாப் பக்கம் இறங்கினோம். முதல் வளைவிலேயே வேகத்தைக் குறைக்கும் மோட்டாரின் இழுப்பு இல்லை. நிரம்பிய பற்றரி மேலும் சார்ஜை ஏற்க முடியாது என்று அதன் முகாமைச் சுற்று மறுத்துவிட்டது. அது சரியாகவே வேலை செய்தது. முந்தைய நாள் ஏற்றத்திலும் சமதரையிலும் மோட்டாரின் இழுப்புக்குப் பழகிவிட்ட சாரதி மட்டும், கால் பிரேக்கையே அழுத்திக்கொண்டு இறங்க வேண்டியதாயிற்று. நானுஓயாவுக்கு முன்பே லைனர் கருகும் வாடை வந்தது. நிறுத்திப் பின் டிரம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டபோது அது சீறிக்கொண்டு ஆவியாகிப் போனது. ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு சோதனையும் நூறு சதவீதத்திலிருந்துதான் தொடங்கியது, ஆனால் அங்கே இறக்கம் இல்லை. அதனால் இந்தக் குறை ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இது அபூர்வமான நிலை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பல தோட்டங்களில் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் மேலே, டவுன் கீழே. சாரதி இரவில் வீட்டில் சார்ஜ் போட்டு, அதிகாலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்குகிறார். ஆகவே முழுச் சார்ஜ், முழுச் சுமை, தொடக்கத்திலிருந்தே இறக்கம் என்ற மூன்றும் சேர்ந்ததை அன்றாட நிலையாகக் கொண்டே சோதிக்க வேண்டும். கனரக வாகனங்களுக்கான ஐக்கிய நாடுகளின் 13ஆவது ஒழுங்குவிதியில், நூற்றுக்கு 6 இறக்கத்தில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் 6 கிலோமீற்றர் இறங்கிய பின்னும் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. முச்சக்கர வண்டிக்கு அது விதிக்கப்படவில்லை. இருந்தாலும் அதைக் கடன் வாங்கி, மோட்டாரின் மீளாக்கத்தை முற்றாக அணைத்துவிட்டு, தூரத்தை 12 கிலோமீற்றராக்கி நடத்துமாறு பரிந்துரைக்கிறேன். அகச்சிவப்பு வெப்பமானியால் மூன்று டிரம்களையும் இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு முறை அளந்து, இறுதியில் நிறுத்தத் தூரத்தையும் எடுக்க வேண்டும்.

தீர்வுகளில் எளியது, வழக்கமான சார்ஜை 90 சதவீதத்தோடு நிறுத்திவிட்டு, நீண்ட பயணத்துக்கு மட்டும் சாரதி ஒரு பொத்தானை அழுத்தி முழுமையாக்கிக்கொள்ள விடுவது. மிகுதிச் சக்தியை வெப்பமாக எரிக்கும் தடைச்சுருளைப் பொருத்தலாம், ஆனால் எடையும் விலையும் கூடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், மீளாக்கம் இல்லாத நிலை வரும்போது முன்பலகையில் விளக்கொன்று எரிந்து சாரதிக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

ஈரமான இறக்கம் தனிப் பாடம். வண்டி கீழ்நோக்கிச் சாயும்போது எடை ஒற்றை முன்சக்கரத்துக்குப் போய்ப் பின்சக்கரங்கள் இலேசாகின்றன; மோட்டார் இழுத்துப் பிடிப்பதோ அந்தப் பின்சக்கரங்களைத்தான். பாசி படிந்த வளைவில் மீளாக்கம் கூடிவிட்டால் பின்பக்கம் வழுக்கும். இதைத் தென்மேல் பருவமழைக் காலத்தில் வட்டவளைப் பக்கமும், வடகீழ் பருவமழையில் இராகலைப் பக்கமும் சோதித்து, பிடிப்பின் அளவைப் படிப்படியாகக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும்.

பற்றரி, தண்ணீர், அளவுமானி

16 லித்தியம் இரும்புப் பொஸ்பேற்றுக் கலங்களைத் தொடராக இணைத்தால் பெயரளவில் 51.2 வோல்ட், முழுச் சார்ஜில் 58.4 வோல்ட்; மின் வாகன விதிகள் உயர் மின்னழுத்தம் என்று வகுக்கும் 60 வோல்ட் எல்லைக்கு இது சற்றே கீழே நிற்கிறது. இதனால் பட்டறையில் அதிர்ச்சி அபாயம் குறைவு, ஆனால் குறுஞ்சுற்று அபாயம் அப்படியே இருக்கிறது. மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றாமல் யாரும் பெட்டியைத் திறக்கக்கூடாது.

இக்கலங்களின் வோல்ட் அளவு நடுப் பகுதியில் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். வோல்ட்டை மட்டும் பார்த்துச் சார்ஜைக் காட்டும் மலிவான மானி, ஏற்றத்தில் 30 என்றும் உச்சியில் நின்று இளைப்பாறிய பின் 60 என்றும் காட்டும். அம்பியரை எண்ணிக் கணக்கிடும் மானியே மலைக்கு ஏற்றது; சோதனையில் அதன் கணக்கைத் தனி அளவியொன்றோடு ஒப்பிட வேண்டும்.

ஐபி67 என்ற முத்திரை, பற்றரிப் பெட்டி ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சொல்கிறது. சேவிஸ் நிலையத்தில் உயர் அழுத்தக் குழாயால் அடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று அது சொல்லவில்லை. அது வேறு சோதனை. நம் சாரதிகள் வாரத்துக்கு ஒரு முறை வண்டியைக் கழுவுவார்கள், ஆகையால் அதையும் செய்து பாருங்கள்.

சார்ஜ் ஏறும் இடம்

லயத்து வீட்டின் மின்னிணைப்பில் பெரிய சார்ஜரை எதிர்பார்க்க முடியாது. எட்டு மணி நேரத்தில் 7 கிலோவாட்மணி ஏற்ற ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேலிருந்தால் போதும், அதாவது ஐந்து அம்பியர் அளவு. 230 வோல்ட் என்பது பெயரளவுதான், கம்பி வரிசையின் கடைசி வீட்டில் மாலை வேளையில் அது எவ்வளவு விழுகிறது என்பதை முதலில் அளந்து, அதற்கும் கீழே 180 வோல்ட்டிலும் சார்ஜர் நிதானமாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மின் தடைப்பட்டுத் திரும்பி வரும்போது அது தானாகத் தொடங்குகிறதா என்பதும் சோதனைத் தாளில் இருக்க வேண்டும்.

சார்ஜரில் நேரக் கட்டுப்பாடு வைப்பதை நான் வலியுறுத்துவேன். மாலை 6.30 முதல் 10.30 வரை நாட்டின் மின் தேவை உச்சத்தில் இருக்கும். வண்டி அதன் பிறகு தொடங்கினால் வலையமைப்புக்குச் சுமை குறைவு. 1950 இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்ஷபானவும், 2012 இல் தலவாக்கலையில் வந்த 150 மெகாவாட் மேல் கொத்மலையும் நம் கண்ணெதிரே இருப்பதால், மலைநாட்டில் ஓடும் மின் வண்டி முழுவதும் தண்ணீரால் ஓடுகிறது என்று எழுதிவிடத் தோன்றும். நாட்டின் மின்வலையமைப்பு ஒன்றே. வறட்சி மாதங்களில் நீர்த்தேக்கங்கள் இறங்கும்போது, 900 மெகாவாட் கொள்ளளவுள்ள நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் பங்கு கூடுகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகிறது என்பது நிலையான எண். மின்னின் பக்கத்து எண் மாதத்துக்கு மாதம் மாறும். ஆண்டு முழுவதும் சார்ஜ் ஏறிய நேரங்களைப் பதிந்து, அந்தந்த மாதத்து மின்னுற்பத்திக் கலவையோடு பெருக்கிய பின்னரே "இவ்வளவு மிச்சம்" என்று அறிக்கையில் எழுத வேண்டும்.

அனுமதியும் இறுதிக் கட்டமும்

பொது வீதியில் ஓட்டுவதற்கு முன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி, காப்புறுதி, பிரதேசப் பொலிஸுக்கு அறிவித்தல் ஆகியவற்றை முடித்துக்கொள்ளுங்கள். மாற்றியமைத்த வண்டிகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஒவ்வொரு பாதையையும் மூன்று முறை ஓட்டி, டயர் அழுத்தம், வெப்பநிலை, மழை, சாரதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பின், உயரமும் வேகமும் அடங்கிய அந்தப் பதிவை ஆய்வுகூடத்து உருளைக்குக் கொடுக்கலாம். ஏற்றத்துக்கு ஏற்பச் சுமையைக் கூட்டிக் குறைக்கும் உருளையில் ஹட்டன் வீதியை எத்தனை முறையும் மீண்டும் ஓட்டலாம், மழைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அதன் பின் இரண்டு மூன்று வண்டிகளைப் பொறியியலாளர் கையிலிருந்து எடுத்து, ஸ்டாண்டில் ஓடும் சாரதிகளிடம் மூன்று மாதங்களுக்கு ஒப்படைத்து, பதிவுக் கருவியை மட்டும் உள்ளே வைத்துவிட வேண்டும். அவர்களிடம் படிவம் நிரப்பச் சொல்லாதீர்கள். வாரத்துக்கு ஒரு முறை ஸ்டாண்டுக்குப் போய் ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து கேளுங்கள்.

இறுதியில் வண்டியின் கண்ணாடியில் ஒட்டும் தாளில் இரண்டு எண்களை அச்சிடச் சொல்லுங்கள்: ஆய்வுகூடச் சுழற்சியில் கிடைத்த தூரம் ஒன்று, முழுச் சுமையோடு ஏறி இறங்கிய மலை வீதியில் கிடைத்த தூரம் மற்றொன்று. விற்பனைப் பிரிவு இரண்டாவது எண்ணைச் சிறிய எழுத்தில் போடக் கேட்கும். இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதைச் சோதனை அறிக்கையிலேயே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுங்கள்.